எதிர்வீட்டுப் பாலும் பேப்பரும்

மூன்று கெட்ட அறிகுறிகளை ஒன்றோடொன்று பெருக்கினால் விடையாகப் பிணம் வரும் என்று நான் நம்பியிருந்தேன். குடித்துவிட்டு நம்பியதல்ல; பி.காம். படித்துவிட்டு நம்பியது. அந்த நம்பிக்கையின் பேரில் செம்பூரில் ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவை ஆள் வைத்து உடைத்தேன்.

கதவின் சொந்தக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். "என் பேர எதுக்குய்யா ஊருக்கு ஒப்பிக்கிதீய?" என்று கேட்கக்கூடியவர் அவர். எனக்கு எதிர்வீட்டு அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் ஐம்பதைத் தாண்டிய என்னைத் "தம்பி" என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள்.

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் இரண்டே கதவுகள். ஒன்றுக்குப் பின்னால் நான் தனியாக இருந்தேன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் அவர்களும் என்னைப் பார்த்துவிட்டதால் கல்யாணம் ஆகவில்லை. இன்னொன்றுக்குப் பின்னால் அக்கா தனியாக இருந்தார். தாராவியை ஒட்டி நம் ஊர்க்காரர்கள் குடியிருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வளர்ந்தவர். பக்கத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. பிறக்கிற பிள்ளையைத் துடைத்து, சுற்றி, வெளியே காத்திருப்பவர்கள் கையில் கொடுப்பது.

அக்காவுக்கு எல்லாவற்றிலும் இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. குடை ஒன்று வீட்டில், ஒன்று ஆஸ்பத்திரியில். டார்ச் ஒன்று தலைமாட்டில், ஒன்று சமையல்கட்டில், வேறு வேறு கடையில் வாங்கியது. வீட்டின் மறுசாவியை எதிர்வீட்டில் குத்துக்கல் மாதிரி இருக்கிற என்னிடம் தராமல், தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தார்.

"என்கிட்ட குடுத்தா தின்னுடுவேனா அக்கா?" என்று கேட்டேன்.

"இந்த மாடியில தீ பிடிச்சா என் சாவியும் வேகும், உங்ககிட்ட இருக்க சாவியும் வேகும். அப்புறம் ரெண்டு எதுக்கு?"

ஏன் இப்படி என்று ஒருமுறை அவரே சொன்னார். மாடிப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். தாராவியில் ஒரே தோல் பட்டறையில் அவருடைய அப்பா, அண்ணன்கள் இருவர், கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் என்று நாலு பேருக்கும் வேலை. பட்டறை ஒருநாள் மூடிவிட்டது.

"வீட்டுல நாலு சம்பளம் வருதுன்னு தெம்பா இருந்தோம். பாத்தா, ஒரே சம்பளத்தத்தான் நாலு கவருல போட்டுக் குடுத்துருக்கான்."

புருஷன் வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. இதைச் சொல்லும்போதும் நார் அறுபடாமல் நீளமாக வந்தது. அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

இனி என் பயத்துக்கு வருகிறேன். எனக்குப் பயங்கள் பல. கொழுப்பு, சர்க்கரை, பல்லி, ஆடிட்டர். ஆனால் ராஜபயம் ஒன்றுதான். முதல் மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவர் இறந்துபோனார். தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைச் சொல்ல யாரோ கதவைத் தட்டியபோதுதான் அது தெரிந்தது. குழாய் ஒழுகாமல் இருந்திருந்தால்? அன்றிலிருந்து என் குழாய்களை நானே லேசாகத் தளர்த்தி வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். சாவதைப் பற்றி எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. செத்தது யாருக்கும் தெரியாமல் கிடப்பதைத்தான் நினைக்க முடியவில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கும் உண்டு" என்றார். "எத்தன பிள்ளைய இந்தக் கையில வாங்கிருக்கேன். வரும்போது வாங்க ஆளு நிக்கி. போம்போது?"

எங்கள் உடன்படிக்கை அப்படித்தான் பிறந்தது. காலையில் பால்காரர் கதவுக் கைப்பிடியில் மாட்டியிருக்கும் துணிப்பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அக்கா கதவில் பால் அப்படியே தொங்கினால் தட்ட வேண்டும். என் கதவில் தொங்கினால் அவர் தட்ட வேண்டும். அக்கா உடனே திருத்தம் கொண்டுவந்தார்.

"பால் மட்டும் பத்தாது. மறந்துகூடப் போவேன். பேப்பரையும் சேத்துப் பாருங்க. பால்காரன் வேற ஆளு, பேப்பர்காரன் வேற ஆளு."

இரண்டு தனித்தனி அறிகுறிகள். எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. அதற்குக் கணக்கு உண்டு என்பது அடுத்த மாதமே தெரிந்தது, ஏனென்றால் அக்கா படிக்க ஆரம்பித்தார்.

பதினொன்றாவது பாதியில் நின்ற படிப்பு. தபால் வழியில் பன்னிரண்டாவது எழுதப் பணம் கட்டிவிட்டு, கணக்குப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "அரையும் கொறையுமா எதையும் வச்சிட்டுப் போகக் கூடாது தம்பி. நீங்க பி.காமுதான? சொல்லிக் குடுங்க." நான் புள்ளியியலில் இரண்டாம் முறைதான் தேறினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நிகழ்தகவு என்ற பாடத்தைத் திறந்து தமிழில் சொன்னேன்: "ஒரு பையில அஞ்சு செகப்புப் பந்து, மூணு கறுப்புப் பந்து. பாக்காம ஒண்ண எடுக்கறோம்."

"எதுக்குப் பாக்காம எடுக்கான்? கண்ணு இல்லியா?"

"கணக்குல அப்படித்தான் அக்கா. அப்புறம் ரெண்டாவது ஒண்ணு எடுக்கறோம். ரெண்டும் செகப்பா வர வாய்ப்பு என்ன?"

அக்கா கொஞ்ச நேரம் பையைப் பார்ப்பது போல மேஜையைப் பார்த்தார். "மொத எடுத்தத உள்ள திருப்பிப் போட்டானா, இல்லியா?"

நான் புத்தகத்தை மறுபடி பார்த்தேன். அந்த வரியை விட்டுவிட்டிருந்தேன். திருப்பிப் போடாமல் என்றுதான் இருந்தது.

"அப்பம் ரெண்டாவது கணக்கு வேறல்லா? முன்ன எட்டுல அஞ்சு செகப்பு. ஒரு செகப்பு போயிட்டா ஏழுல நாலு. ஒண்ணு போனதும் மிச்சம் கெடக்கது எல்லாத்துக்கும் நெலம மாறிட்டு."

இதுதான் ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சி என்றேன். சாராத நிகழ்ச்சிக்குக் காசு சுண்டுவதைச் சொன்னேன். நாலு முறை பூ விழுந்தாலும் ஐந்தாவது முறை பூவா தலையா என்பது பாதிக்குப் பாதிதான். அதற்கு அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. டிராம்பே பக்கம் வேலை பார்க்கும் ஒரு ஆள், இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு மனைவியை மூன்றாவது பிரசவத்துக்குக் கூட்டி வந்து, "ரெண்டு பொண்ணு ஆயிடுச்சு, இப்போ கண்டிப்பா பையன்தானே?" என்று அக்காவிடம் உறுதி கேட்டாராம்.

"நான் சொன்னேன், வயித்துக்கு ஞாபகம் கெடையாதுய்யா, முன்ன என்ன பெத்தோம்னு அதுக்குத் தெரியாதுன்னு. பொண்ணுதான் பொறந்துச்சு. அந்தாளு முகத்தத் திருப்பிட்டுப் போயிட்டான். சாயங்காலம் வரைக்கும் அத நாந்தான் வச்சிருந்தேன்." பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, "சரி, இது சாராதது. அடுத்தது சொல்லுங்க" என்றார்.

பாடம் நடத்திய எனக்கு எவ்வளவு புரிந்தது என்பதற்கு ஒரு சான்று. ஒருநாள் காலை எனக்கு நெஞ்சில் வலி. டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி படத்துக்கு முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. வெள்ளை என்றால் போக வேண்டியதில்லை. சிவப்பு வந்தது. சாமிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம் என்று மறுபடி கண்ணை மூடி, மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்தேன். வெள்ளை! நிம்மதியாகக் காப்பி போட்டேன். வாசலில் பார்த்த அக்காவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

"எத்தன பொட்டலம்?"

"ரெண்டு."

"செகப்ப திருப்பிப் போட்டீயளா?"

"இல்ல."

"ஏ மனுசா! இருந்ததே ரெண்டு. ஒண்ண எடுத்தாச்சு. மிச்சம் கெடக்கது என்னதுன்னு சாமிகிட்டயா கேக்கணும்? சட்டயப் போடும். கெளம்பும்."

இழுத்துக்கொண்டு போனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். வாயு. டாக்டரைவிட அக்காதான் அந்தக் காகிதத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பஸ் வந்ததும் என்னை ஏற்றிவிட்டுக் கீழேயே நின்றுகொண்டார்.

"வரலியா அக்கா?"

"நீங்க போங்க. நான் அடுத்ததுல வாரேன். ஒரு பஸ் கவுந்தா, அந்த மாடியில ஒரு வெளக்காவது எரியணும்."

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஆட்கள் நடுவில், எதிர்த்திசையில் வரப்போகும் எதையோ பார்ப்பவர் போல நின்றிருந்தார். வேடிக்கையாக எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை.

கதவு உடைந்த நாளுக்கு வருகிறேன்.

ஆபீசுக்குக் கிளம்பி வெளியே வந்தேன். அக்கா கதவில் பால் பை தொங்கியது. பையின் காதில் பேப்பரும் செருகியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. போன் அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. என் மூளைக்குள் ஒரு பி.காம். எழுந்து உட்கார்ந்தான். அக்கா பால் எடுக்க மறக்க வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வை. பேப்பர் எடுக்க மறக்கப் பத்தில் ஒன்று. போனை அணைத்து வைக்கப் பத்தில் ஒன்று. தனித்தனி நிகழ்ச்சிகள், பெருக்கு. ஆயிரத்தில் ஒன்று! அதாவது, அக்கா உயிரோடு இருப்பதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். புத்தகமே சொல்லிவிட்டது.

மூன்று மாடி எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு இரண்டாவது மாடியிலேயே தங்கிவிட்டது. இஸ்திரிக்காரர் ஊருக்குப் போயிருந்தார். அக்காவின் சாவி அவருடைய கடைப் பெட்டிக்குள், பெட்டிக்குப் பூட்டு, பூட்டின் சாவி அவரோடு ரயிலில். வாட்ச்மேனிடம் ஓடினேன்.

"தர்வாஜா தோட்னா ஹை!" என்று, கதவை உடைக்க வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன்.

"கிஸ்கா, சாப்?" என்றான் அவன், என் ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டே.

யாருடைய கதவு என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவன் ஓடினான். கீழே வேலையாக இருந்த தச்சரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தான். உள்ளிருந்து பூட்டினாலும் வெளியிலிருந்து பூட்டினாலும் ஒரே மாதிரி தெரிகிற அந்தப் பூட்டு பெயர்ந்து விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனேன். அப்படிப் போய்க் கதவு நிலையில் முட்டிக்கொண்டு, பிறகு கண்ணைத் திறந்தேன்.

யாரும் இல்லை. போர்வை மடித்து வைத்திருந்தது. அவ்வளவு நாளில் அந்த வீட்டுக்குள் நான் வந்தது அதுதான் முதல் தடவை. தலைமாட்டில் டார்ச். மூலையில் குடை. சமையல்கட்டில் இன்னொரு டார்ச். கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டு மட்டும் ஒன்றே ஒன்று. இன்னொன்று இருக்கும் என்று ஏனோ மேலே கீழே எல்லாம் தேடிப் பார்த்தேன். இல்லை.

அப்போது படியில் மூச்சு வாங்கும் சத்தம். அக்கா. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க அடுத்தடுத்துப் பிரசவம்; மாற்று ஆள் வரவில்லை; வீட்டுக்கு விடாமல் நிறுத்திக்கொண்டார்கள். போன் வழக்கம் போல அங்கே லாக்கரில். வாட்ச்மேனையும் தச்சரையும் பெயர்ந்த பூட்டையும், நெற்றி வீங்கி நின்ற என்னையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்ன பண்ணுதீய எல்லாரும்?"

கணக்கைச் சொன்னேன். பால், பேப்பர், போன், பத்தில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"பால எடுக்கது ஆரு?"

"நீங்க."

"பேப்பர?"

"நீங்க."

"போன ஆன் பண்ணுகது?"

"நீங்கதான்."

"மூணும் ஒரு கைதான? அந்தக் கை வீட்டுல இல்லன்னா மூணும் சேந்தேதான் கெடக்கும். தனித்தனின்னு எந்தக் கிறுக்கன் பெருக்குவான்?" சொல்லிவிட்டு அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேப்பரையும் சேத்துக்கோன்னு சொன்னவளே நாந்தான். வேற வேற ஆளு கொண்டாந்து போடுகான்னு பாத்தேன். எடுக்கது ஒரே ஆளுன்னு பாக்கலியே." சிரித்தார். வாட்ச்மேனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல். தச்சர் கூலி கேட்டார்.

மறுநாள் புதுப் பூட்டு போட்டாயிற்று. மறுசாவி ஊரிலிருந்து திரும்பிய இஸ்திரிக்காரரிடமே போனது.

"இவ்வளவுக்கு அப்புறமும் அவருக்குத்தானா?" என்றேன்.

"உங்ககிட்ட குடுத்தா தினம் தொறந்து, மூச்சு வருதான்னு பாப்பீய."

உண்மைதான். ஆனால் எனக்கு முகம் வாடிவிட்டது போலிருக்கிறது. அக்கா போகாமல் வாசலிலேயே நின்றார். பூட்டின் பழைய தடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே பால், பேப்பர் எல்லாம் வேண்டாம். எங்க போனாலும் தட்டி, உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன். நீங்களும் சொல்லிட்டுப் போங்க."

"ஒரே வழிதானே அக்கா? அது போனா? ரெண்டாவது என்ன?"

"இதுக்கு ரெண்டாவது கெடையாது" என்றார். "நம்பித்தான் கெடக்கணும்." ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டவர் போல உடனே உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு தினமும் காலையில் என் கதவில் இரண்டு தட்டு. "போறேன்." வேறு ஒன்றும் இல்லை. நான் கிளம்பும் நாட்களில் நானும் தட்டினேன். ஒருமுறை விளையாட்டுக்கு, "தண்ணி குடிக்கப் போறேன் அக்கா" என்று தட்டினேன். "சரி, போயிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சின்ன விஷயம். அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்தால்தான் அது சின்ன விஷயம்.

தேர்வு முடிவு வந்தது. கணக்கில் தேறிவிட்டார். இங்கிலீஷில் போய்விட்டது. "கணக்குல பாஸ் பண்ணுனவன் இங்கிலீசுல பெயிலாவான்னு எவன் நெனப்பான்? இதுதான் சாராத நிகழ்ச்சி" என்று சொல்லி, இரண்டு வீட்டுக்குமாகக் கேசரி கிண்டினார். இங்கிலீஷை மறுபடி எழுத வேண்டும் என்றார். அதற்குள் முழங்கால் படி ஏற விடவில்லை. உல்லாஸ்நகரில் அவருடைய தங்கை குடும்பம் இருந்தது. ஒருநாள் காலை தட்டினார். கையில் பெட்டி.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். கால் கொஞ்சம் தேறட்டும், வாரேன்."

பெட்டியை நான்தான் கீழே கொண்டுபோனேன். ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தபின், "நேரத்துக்குச் சாப்பிடுங்க. பூக்கட்டிப் பாக்காதீய" என்றார்.

முதலில் அவ்வப்போது போனில் பேசினார். அங்கே எந்நேரமும் கூட்டம், டி.வி., சண்டை, ஒரு நிமிஷம் தனியாக இருக்க முடியவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்; குரலில் குறை தெரியவில்லை. பிறகு ஒருநாள் போன் அணைந்திருந்தது. மறுநாளும். அடுத்த வாரமும்.

பழைய ஆளாக இருந்தால் உல்லாஸ்நகருக்கு ரயிலேறி, ஏதாவது ஒரு கதவை உடைத்திருப்பேன். ஆனால் நான் படித்தவன் ஆகிவிட்டேன். அணைந்த போன் இன்றைக்கு, நாளைக்கு, அடுத்த வாரம் என்று எத்தனை நாள் அணைந்திருந்தாலும் அது ஒரே காரணம்தான். சார்ஜர் கெட்டிருக்கும், தங்கை வீட்டுப் பிள்ளைகள் போனை உடைத்திருக்கும். இதைப் போய்ப் பெருக்கக் கூடாது. மேலும் அவர் கூட்டத்தின் நடுவில் இருக்கிறார், சொல்லிவிட்டுத்தான் போனார். என் வாழ்நாளில் முதன்முறையாக நான் பதறவில்லை. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அக்கா வந்ததும் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கதவு திறக்கிற சத்தம் கேட்டு, பனியனோடு வெளியே ஓடினேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் இஸ்திரிக்காரரிடம் வாங்கிய சாவியோடு நின்றிருந்தார். தங்கையின் மகன்.

"நீங்க எதிர் வீடா அங்கிள்? பெரியம்மா சாமான் எடுக்க வந்தேன். ரூம் காலி பண்ணணும்."

"அக்கா எப்படி இருக்காங்க?"

அவர் என்னைப் பார்த்தார். சாவியைக் கை மாற்றினார்.

"உங்களுக்குத் தெரியாதா அங்கிள்? சாரி. யாருக்கெல்லாம் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியல. பெரியம்மா யார பத்தியும் அவ்வளவா பேச மாட்டாங்க."

ஒருநாள் மதியம் அக்கா சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் எல்லோரும் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போது, தங்கையின் தோளில் சாய்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். உயிர் போனது உடனேயே தெரிந்துவிட்டது, வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அக்காவின் போன் அணைந்திருப்பதை நான் முதன்முதலாகத் தெரிந்துகொண்ட நாளுக்கு முந்தின நாள் அது. தங்கை மகன் வீட்டைக் காலி செய்ய வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.